மன்னார்க் கரையின் கோப்பிக் கடைகள்

இலங்கையின் வடமேற்கில், பெருநிலத்திலிருந்து இராமேசுவரத்தை நோக்கி நீட்டிய கைபோலக் கடலிற் கிடக்கிறது மன்னார்த் தீவு. அதன் ஒரு முனையில் மன்னார்ப் பட்டினம். மறுமுனையில், ஏறக்குறைய 18 மைல் தொலைவில், தலைமன்னார். இத்தீவைக் காண வருகிறவர்கள் போர்த்துக்கேயர் 1560இல் அமைத்து ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய கோட்டையைப் பார்க்கிறார்கள். பள்ளிமுனையில் யானைக்கால்போற் பருத்து நிற்கும் பெருக்கமரத்தைச் சுற்றி நடக்கிறார்கள். தீவுக்கு அக்கரையில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தை வழிபடுகிறார்கள். பின்னர் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

இன்று நான் உங்களோடு பேசப் போவது இவற்றைப் பற்றியன்று. இவற்றைக் காணப் போகும் வழியில் எல்லோரும் நுழைந்து வெளியேறுகின்ற, ஆனால் ஒருவரும் கவனித்துப் பாராத, சின்னஞ்சிறு கடைகளைப் பற்றியே பேச விரும்புகிறேன். கோப்பிக்கடை என்றும், தேத்தண்ணிக்கடை என்றும், சில இடங்களிற் 'கோட்டல்' என்றும் ஊரார் வழங்கும் கடைகள் அவை. ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் பணிசும், மூலையிற் கொதிக்கும் கேத்தல்: இவ்வளவுதான் அவற்றின் முதல். ஆயினும் இந்தக் கரையின் இருநூறாண்டு வரலாற்றை அறிய விரும்புகிறவர் அங்கே அமர்ந்து ஒரு குவளை கோப்பி கேட்டாற் போதும். கேட்ட கோப்பி கிடைப்பது அரிது; தேநீர்தான் எளிதிற் கிடைக்கும். ஏன் அப்படி என்று வினவத் தொடங்கினால், வரலாறு தானாகவே அவிழும்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் 'காப்பி' என்பதை ஈழத்துத் தமிழர் 'கோப்பி' என்கின்றனர். சிங்களவரும் கோப்பி என்றே சொல்வர். ஆங்கிலேயருக்கு முன் இத்தீவின் கரைகளை ஆண்ட ஒல்லாந்தர் தம் மொழியில் 'கொஃபி' என்றனர். நாம் காலையில் வாங்கும் பாண் போர்த்துக்கேயரின் சொல். ஆக, மன்னார்க் கடையொன்றில் 'பாணும் கோப்பியும்' என்று ஒருவர் கேட்பாராயின், இரண்டு ஐரோப்பிய இனத்தார் விட்டுப்போன சொற்களை ஒரே மூச்சிற் சொல்லிவிடுகிறார். கடைக்காரர் கடன் எழுதி வைக்கும் குறிப்பேட்டுக்குப் பெயர் 'கொப்பி'. அது ஆங்கிலம் தந்தது. கோப்பி குடிப்பவர் கொப்பியில் ஏறுவது இக்கரையில் நெடுநாள் வழக்கம்.

கோப்பிச் செடியின் பிறப்பிடம் எத்தியோப்பிய மலைநாடு. அதனைப் பானமாக்கி உலகிற்கு அறிமுகம் செய்தவர்கள் செங்கடலின் அப்புறத்தே யேமன் நாட்டில் வாழ்ந்த அராபியர். மன்னாரோ பன்னூறாண்டுகளாக அராபிய வணிகர் வந்துபோன கரை. பள்ளிமுனைப் பெருக்கமரமும், மன்னார்த் தெருக்களிற் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகளும் அவர்களுடைய மரக்கலங்களில் வந்தவையே என்று ஊரார் சொல்வர். ஆபிரிக்க மரத்தின் நிழலில் நின்று ஆபிரிக்கச் செடியின் வித்தைக் கொதிக்கவைத்துக் குடிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஆங்கிலேயர் வருமுன்னரே கோப்பிச் செடி கண்டி நாட்டு வீட்டுத் தோட்டங்களில் இருந்தது. மக்கள் அதன் இலையைக் கறியில் இட்டனர், பூவைக் கோயிலிற் சாத்தினர், ஆனால் வித்தை வறுத்துக் குடிக்கப் பெரிதும் அறிந்திலர் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. 1815இல் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களிற் கம்பளைப் பக்கத்திலே ஆங்கிலேயரின் கோப்பித் தோட்டம் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் மலைக்காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி பரவியது. 1870ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியாயிற்று. உலகின் பெரிய கோப்பி நாடுகளுள் ஒன்றாக இச்சிறு தீவு நின்றது. 1867இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியதும் முதன்மையாகக் கோப்பி மூட்டைகளுக்காகவே.

மலையில் விளைந்த அந்தக் கோப்பிக்கும் மணற்றீவாகிய மன்னாருக்கும் என்ன தொடர்பு? மன்னாரிற் கோப்பி விளைந்ததில்லை. ஆனால் கோப்பியைப் பறித்த கைகள் மன்னார் வழியாகவே வந்தன.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய பகுதிகளிலிருந்து, வறட்சியும் கடனும் துரத்த, மக்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டனர். பாம்பன், இராமேசுவரம் முதலிய துறைகளிற் சிறு பாய்க்கலங்களில் ஏறி, தலைமன்னாரிலும் வங்காலையிலும் அரிப்பிலும் இறங்கினர். அங்கிருந்து கால்நடை. மன்னார்க் காடு, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று ஏறக்குறைய 150 மைல். தலையில் மூட்டை, இடுப்பிற் குழந்தை, வழியிற் கலங்கிய குளத்து நீர். வாந்திபேதியும் அம்மையும் குளிர்காய்ச்சலும் அவர்களோடு நடந்தன. நடக்க முடியாதவர் வழியில் விடப்பட்டனர். 1841 முதல் 1849 வரை வந்தவர்களில் நாலில் ஒரு பங்கினர், அதாவது எழுபதினாயிரம் பேர், மாண்டனர் என்று 1849இற் கொழும்புச் செய்தித்தாளொன்று மதிப்பிட்டது. அந்தக் கணக்கு மிகை என்று கருதும் ஆய்வாளரும் உளர். எண் எதுவாயினும், அப்பாதையின் இருமருங்கும் பெயரற்ற புதைகுழிகள் நிறைந்திருந்தன என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் கடைசி மாதங்கள். அதற்கே ஆட்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். ஆகவே கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் வந்து போகிறவர்கள். பருவத்தில் மன்னாரில் இறங்குவர்; பருவம் முடிந்ததும், உயிரோடு எஞ்சியவர் மிச்சம்பிடித்த காசை மடியில் முடிந்துகொண்டு, அதே பாதையால் மன்னாருக்கு நடந்து மீண்டும் கலம் ஏறுவர். ஒவ்வோர் ஆண்டும் போகவும் வரவும் இருமுறை மக்கள் வெள்ளம் பாய்ந்த வாய்க்கால் போல இருந்தது இந்தக் கரை.

அந்த வெள்ளத்தை ஒரு பூஞ்சணம் திசைமாற்றியது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத்திற் பொடிபொடியாக ஒரு நோய் காணப்பட்டது. இலையைத் தொட்டால் இரும்புத் துரு ஒட்டினாற்போல விரலில் ஒட்டும். இலை உதிர்ந்தது, காய் குறைந்தது, ஆண்டுக்காண்டு செடி மெலிந்து பட்டது. 1880இல் இங்கே வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், நோய் காற்றிற் பரவும் நுண்வித்துகளால் வருவது என்றும், மலைமேல் மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே அதற்குப் பாதை திறந்துவிட்டது என்றும் விளக்கினார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. தோட்டக்காரர்கள் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டனர். 1867இலேயே இலூல்கந்துர என்னுமிடத்தில் யேம்ஸ் ரெயிலர் தேயிலைத் தோட்டம் அமைத்திருந்தமை அவர்களுக்குக் கைகொடுத்தது.

கோப்பி போய்த் தேயிலை வந்தது என்பது குடிக்கும் பானம் மாறியது மட்டுமன்று, குடியிருப்பும் மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் வாரந்தோறும் பறிக்கப்பட வேண்டும். பருவத்துக்கு வந்துபோகும் ஆட்கள் அதற்கு உதவார். ஆகவே குடும்பம் குடும்பமாக மலையிலேயே இருத்தப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் லயங்களில் வளர்ந்தனர். மலையகத் தமிழர் என்று ஒரு மக்கட்கூட்டம் அவ்வாறு வேரூன்றியது. கோப்பி அவர்களை வழிப்போக்கராக வைத்திருந்தது. தேயிலை அவர்களைக் குடிகளாக்கியது. சட்டம் மட்டும் அதை ஏற்க மறுத்தது. அதற்குப் பின்னர் வருவேன்.

1914இல் மன்னார்க் கரைக்கு இரும்புப் பாதை வந்தது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை தண்டவாளம். அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். அப்பாலே சென்னைக்குப் புகைவண்டி. கடல் குறுக்கிடும் தூரம் இருபத்திரண்டு மைல் அளவே. 'இர்வின்', 'கோஷன்' என்ற நீராவிக் கப்பல்களைப் பழைய தலைமுறையினர் இன்னும் பெயர் சொல்லி நினைப்பார்கள். கொழும்பிலிருந்து மாலையிற் புறப்படும் வண்டி விடியற்காலையில் தலைமன்னாரை அடையும். இராமேசுவர யாத்திரிகர், சென்னைக்குப் படிக்கப் போகும் மாணவர், சங்கீத வித்துவான்கள், புடைவை வணிகர், தோட்டத்துத் தொழிலாளர் எல்லோரும் அந்த இறங்குதுறையில் இறங்கி, சுங்கச் சோதனைக்கும் கப்பலுக்கும் காத்திருந்தார்கள். காத்திருப்பவன் இருக்குமிடத்திற் கேத்தல் கொதிக்கும். வழிநெடுகக் கடைகள் பெருகியதற்கும் இக்காத்திருப்பே காரணம்.

இதற்கு முன்பும் இக்கரையிற் கடைகள் உண்டு. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில், வெறும் மணல்மேட்டிற் சில வாரங்களுக்குப் பெரும்பட்டினம் ஒன்று ஓலையால் எழும். குளிப்போர், சம்மாட்டிகள், அராபியர், காயல்பட்டினத்தார், கீழக்கரையார் என்று பல்லாயிரவர் கூடுவர். 1905இல் நடந்தது மிகப் பெரிய குளிப்பு. குளிப்பு முடிந்தால் ஓலைப் பட்டினமும் மறைந்துவிடும். அவ்வாறன்றி நிலையாக நின்றவை வண்டிப் பாதையை நம்பி எழுந்த கடைகளே.

இனி, கடைக்குள்ளே செல்வோம். என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

வெறுந்தேத்தண்ணி என்பதும் 'பிளேன்ரீ' என்பதும் பால் கலவாத தேநீர். கறுத்த சாயத்தில் வெந்நீரைக் கலந்து, சீனியும், கேட்டால் ஒரு துண்டு இஞ்சியும் இட்டுத் தருவார்கள். பால்தேத்தண்ணி என்பது பால்மாவோ ரின்பாலோ கலந்தது. துணிவடியில் இறுகிய சாயத்தை ஊற்றி, ஒரு கையை மேலும் மறுகையைக் கீழுமாக நீட்டி, பேணிக்குப் பேணி பாய்ச்சி ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் வேடிக்கையன்று. காற்றோடு கலப்பதாற் சூடு தணிகிறது, பாலும் சாயமும் சீனியும் ஒன்றாகின்றன, நுரை எழுகிறது. மேலே நிற்கும் நுரையைப் பார்த்தே ஆற்றியவர் கைத்திறனைச் சொல்லிவிடலாம்.

கோப்பி கேட்டால் இருவகையில் ஒன்று கிடைக்கும். ஒன்று, பொட்டலத்திலிருந்து எடுத்துக் கலக்கும் உடனடிக் கோப்பி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றது ஊர்க் கோப்பி. கோப்பிக் கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பும், சில வீடுகளில் மிளகும் சீரகமும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்துத் தூளாக்குவர். வேர்க்கொம்பு என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டார் சுக்கு என்பர். தமிழ்நாட்டிற்போல வடிகலத்தில் இறக்கி, சிக்கரி கலந்து, பாலில் ஊற்றும் முறை இங்கில்லை. தூளைக் குவளையில் இட்டு வெந்நீர் ஊற்றி, மண்டி அடியிற் படிந்தபின் மெல்லச் சரித்துக் குடிப்பதே வழக்கம். காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் மருந்தாகவும் இது கொடுக்கப்படும். நல்ல ஊர்க் கோப்பி இப்போது கடைகளைவிட வீடுகளில்தான் மிகுதி. கடையில் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர் இருந்தாற்றான் இடிப்பவரும் இருப்பார்.

இனிப்புக்குச் சீனியைவிடப் பொருத்தமானது பனங்கட்டி. மன்னார்த் தீவு பனைகளின் தீவு. ஓலையிற் கோலிய குட்டானிற் பதநீர்ப் பாகை வார்த்து இறுக்கிய கட்டியை ஒரு கடி கடித்து, வெறுந்தேத்தண்ணியை ஒரு மிடறு குடிப்பது கடற்றொழிலாளரின் பழைய வழக்கம். தேநீரின் துவர்ப்பும் பனங்கட்டியின் கருகிய இனிப்பும் நாவில் ஒன்றையொன்று தேடி வரும்.

எல்லாவற்றிற்கும் அடிப்படை தண்ணீர். மன்னார் மணலாலான தீவு. மழைநீர் மணலில் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. அளவாக அள்ளினால் நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். சுண்ணமும் உவரும் மிகுந்த நீரில் தேயிலை எத்துணை உயர்ந்ததாயினும் சாயம் மங்கிக் கறுக்கும். மேலே ஆடைபோற் படலம் மிதக்கும். ஆகவே இத்தீவில் நல்ல தேநீர்க் கடை என்றால், நல்ல தண்ணீருக்கு வழிசெய்துகொண்ட கடை என்றே பொருள். தேயிலையைக் கொழும்பிலிருந்து வாங்கலாம். கிணற்றை வாங்க முடியாது.

கடைக்காரரை எவ்வாறு அழைப்பது என்று தயங்க வேண்டியதில்லை. 'அண்ணை, ஒரு பிளேன்ரீ, சாயம் குறைய' என்றால் எங்கும் செல்லும். முஸ்லிம் அன்பர் கடையாயின் 'நானா' என்பது முறை. நீங்கள் கேளாமலே ஒரு தட்டில் உழுந்துவடை, வாய்ப்பன், பணிஸ், மீன் அடைத்த பாண் என்று பலவற்றை அடுக்கி முன்னே வைத்துவிடுவார்கள். மருள வேண்டாம். உண்டதற்கு மட்டுமே காசு. எஞ்சியது கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பும். எத்தனை உண்டீர் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். உங்கள் சொல்லை நம்பியே கணக்கு.

இந்த எளிமை எப்போதும் எல்லோருக்கும் கிடைத்ததன்று. வட இலங்கையிலே, சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க் கடைக்குள் அமர்ந்து குடிக்க இயலாத காலம் இருந்தது. வெளியே நின்று, போத்தலிலோ தகரப் பேணியிலோ வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. சாதியின் பெயரால் ஒருவரைப் பொதுவிடத்திற் தடுப்பது குற்றம் என்று 1957இற் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கடைக் கதவு எளிதில் திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலத்தைத் தொடர்ந்து, கடைகடையாகவும் கோயில் கோயிலாகவும் போராடியே அந்த உரிமை பெறப்பட்டது. அதற்காக உயிர் நீத்தவரும் உண்டு. இன்று ஒரே வாங்கில் நெருங்கி அமர்ந்து ஒரே வகைக் குவளையிற் குடிக்கிறோம். அந்த வாங்கு தச்சன் செய்தது மட்டுமன்று என்பதை நினைவிற் கொள்வது நன்று.

தலைமன்னார்க் கடைகள் கண்ட மற்றொரு காட்சியையும் சொல்லத்தான் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் வந்துபோகும் கூட்டத்தார் என்பது ஆண்டவர்களின் வாதம். கோப்பிக் காலத்துக்குப் பொருந்திய சொல்லைத் தேயிலைக் காலத்து மக்கள்மேற் சுமத்தினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதாக விட்டனர். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது.

அக்கப்பலில், இந்தியாவைக் கண்ணாற் கண்டிராத குடும்பங்கள் தகரப் பெட்டிகளோடு ஏறின. பதுளையிலும் அட்டனிலும் புகைவண்டி ஏறியவர்கள், வழியனுப்ப வந்த உறவினரைக் கட்டிப்பிடித்து அழுததால் அந்த வண்டிக்கு மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டனர். பாட்டன் நடந்து வந்த கரையில், பேரன் வண்டியில் வந்து இறங்கினான். போகும் திசைதான் வேறு. கப்பலுக்குக் காத்திருக்கையில் அவன் குடித்த தேநீர், அவனும் அவன் தாயும் பறித்த இலையின் தூளாக இருந்திருத்தலும் கூடும். அதுவே இலங்கையில் அவன் குடித்த கடைசித் தேநீர்.

1980களின் முற்பகுதியிற் போர் தொடங்கியதும் கப்பல் நின்றது. பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் மக்கள் இரவோடிரவாகப் படகேறி அக்கரை சேர்ந்தனர். 1990இல் புகைவண்டிப் பாதை அழிந்தது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் தகர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடும் கடையும் விட்டுப் போயினர். எருக்கலம்பிட்டி முதலிய மன்னார் ஊர்களின் மக்கள் புத்தளத்து முகாம்களில் இருபதாண்டுகள் கழித்தனர். நானா என்று அழைக்க ஆளில்லாத தெருவை மன்னார் அப்போது கண்டது. போர் 2009இல் முடிந்தது. புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை புகைவண்டி மீண்டும் ஓடியது. போனவர்களிற் சிலர் திரும்பினர்; சிலர் திரும்பவில்லை. 2022இற் பொருளாதாரம் சரிந்தபோது பால்மாவும் எரிவாயுவும் கிடையாமல் நாடெங்கும் கடைகள் பால்தேத்தண்ணியை நிறுத்தின. மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தன. அந்த ஆண்டும் மன்னாரிலிருந்து சில குடும்பங்கள் தனுஷ்கோடி மணற்றிட்டுகளில் போய் இறங்கின.

இவற்றையெல்லாம் கருத்திற் கொண்டு செல்லும் பயணிக்கு, எங்கே, எப்போது அமரலாம் என்று சில சொல்லி முடிக்கிறேன்.

பேசாலைக்கு விடியலிற் செல்லுங்கள். படகுகள் கரையேறும் வேளையில் கடைகள் நிரம்பியிருக்கும். மன்னாரில் மீனவர் ஆண்டு முழுவதும் ஒரே கரையில் தொழில் செய்வதில்லை. வாடைக்காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கரைக்குப் போவார்கள். சோழகம் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகரைக்கு மீள்வார்கள். அவர்களோடு வாடிகளும், வாடிகளோடு சிறு தேநீர்க் கொட்டில்களும் இடம்பெயரும். ஆகையாற் சென்ற முறை கண்ட கொட்டிலை இம்முறை காணாவிடின், காற்று மாறிவிட்டது என்று கொள்ளுங்கள்.

வங்காலைக்கு மாரியின் பிற்பகுதியிற் செல்லுங்கள். களப்பில் பூநாரைகள் கூட்டமாக மேயும். அது 2010 முதல் உலகளாவிய ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற இடம். அரிப்புக்கு மாலையிற் செல்லுங்கள். ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகையைக் கடல் சிறிதுசிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது. தேசாதிபதியின் மாளிகை சாய்ந்த கரையிலே, ஏழைத் தொழிலாளர் இறங்கிய மணல் அப்படியே கிடக்கிறது.

தலைமன்னாரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய இறங்குதுறையின் எச்சங்களும் கலங்கரை விளக்கமும் அங்கே உண்டு. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து, ஜூலைக் கடைசியில் ஒரு கூட்டத்தார் இங்கிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த பாதையிலேயே நடந்து, ஆகஸ்ட் 12ஆம் நாள் அங்கே சேர்ந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக வழியூர் மக்கள் அவர்களுக்கு உணவும் நீரும் கொடுத்தனர். முன்னோருக்கு அந்தப் பாதையிற் கிடையாதது அதுவே.

ஆகையால் நேயர்களே, மன்னாருக்குச் செல்லும்போது கோட்டையையும் கோயிலையும் பாருங்கள். பார்த்தபின் ஒரு கடையில் அமர்ந்து, பாலின்றி ஒரு வெறுந்தேத்தண்ணி கேளுங்கள். பனங்கட்டி இருந்தால் கேளுங்கள். அவசரப்படாமற் குடியுங்கள். கடைக்காரர் பேச விரும்பினால், அவருடைய பாட்டனார் எந்த ஊர் என்று வினவுங்கள். அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியிராது, கேட்டுக்கொண்டிருந்தாற் போதும்.